சாவிக்கு ஒரே சொல்

ஆடிட் நாளில் மட்டும் அந்த விடுதியின் இரும்புக் கேட் திறந்து கிடக்கும். கேட்டில் தொங்கும் திண்டுக்கல் பூட்டையும், வார்டன் ஐரின் இடுப்பில் செருகியிருக்கும் சாவிக்கொத்தையும் சமையல்கட்டு அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட வேண்டும் என்பது மில் மேனேஜர் விக்ரம் செய்திருந்த ஏற்பாடு. துணி வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்காகச் சென்னையிலிருந்து வந்து பார்க்கிறவர்கள், பிள்ளைகளைப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று எழுதிவிட்டால் ஆர்டர் கையைவிட்டுப் போய்விடும்.

இன்று காலையிலும் ஐரின் கொத்தை எடுத்துச் சமையல்கார ராமக்காளிடம் நீட்டினாள்.

“குடுங்க டீச்சர். போன தடவ அரிசி அள்ளயில படியோட வந்து உலைக்குள்ள விழுந்துருச்சு. சாவிச் சோறு ஆக்கிப் போட்ட ஒரே மில்லு நம்ம மில்லாத்தான் இருக்கும்.” ராமக்காள் முழங்கை வரை அரிசிக்குள் விட்டுக் கொத்தை அமுக்கினாள். “யாராச்சும் கேட்டா, பூட்டுன்னா என்னன்னே எங்களுக்குத் தெரியாதுன்னு சொல்லிரணும். அம்புட்டுத்தான?”

ஐரினுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. இடுப்பில் கொத்து இருந்த இடம், பல் விழுந்த இடம்போல வெறுமையாக இருந்தது. கை அடிக்கடி அங்கே போய்த் தடவிவிட்டு வந்தது. இந்தக் கனம் தனக்கு இவ்வளவு பழகிப்போயிற்றா என்று நினைக்கும்போதே அவளுக்கு அலுப்பாக இருந்தது. தன் மேலேயேதான் அந்த அலுப்பு.

ஐம்பத்தெட்டு வயது வரை அவளிடம் எந்த வீட்டுச் சாவியும் இருந்ததில்லை. மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் தமிழ் டீச்சர். நிர்வாகம் போட்ட தற்காலிக வேலை, கடைசிவரை தற்காலிகமாகவே இருந்து முடிந்தது. கல்யாணம் ஆகவில்லை. ஞானஒளிவுபுரத்தில் அண்ணன் ஜெரால்ட் வீட்டு மாடியறையில் இருந்தாள். “எப்பவும் வீட்ல ஆளு இருக்கோம்ல, பெல் அடிச்சா தெறக்கப் போறோம். ஒனக்கு எதுக்குத் தனியாச் சாவி?” என்று மதினி சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. சாயங்காலம் பெல்லை அழுத்திவிட்டு நிற்பாள். உள்ளே டிவி சத்தம் குறையும். செருப்புச் சத்தம் வரும். தினமும் அதே நேரத்துக்கு வருகிறவள்தான் என்று தெரிந்தும், திறக்கிற முகத்தில் ‘நீயா’ என்று ஒன்று தோன்றி மறையும். யாரும் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை. அதனாலேயே அவளாலும் எதுவும் சொல்ல முடியவில்லை.

ஓய்வு பெற்றபிறகு, பழைய மாணவி ஒருத்தி சொல்லிவிட்டதால் கப்பலூரில் இந்த வேலை கிடைத்தது. நெடுஞ்சாலையை ஒட்டிய மில். அதன் முதுகில் பெண்பிள்ளைகள் விடுதி. முதல் நாள் விக்ரம் சாவிக்கொத்தை அவள் உள்ளங்கையில் வைத்து, “இனிமே எல்லாம் உங்க பொறுப்பு மேடம்” என்றான். அன்றைக்கு அதைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கினாள். பூட்டுவது தப்பு என்று அவளுக்குப் படவே இல்லை. வயசுப் பிள்ளைகள், பாஷை தெரியாத ஊர், வெளியே லாரி ஓடுகிற ரோடு. பெற்றவர்கள் நம்பி அனுப்பியிருக்கிறார்கள். இந்த நாலு வாக்கியங்களையும் அவள் ஜெபம்போல வரிசை மாறாமல் சொல்லிக்கொள்வாள்.

பிள்ளைகள் ஒடிசா, ஜார்கண்ட், அசாம் என்று எங்கிருந்தெல்லாமோ வந்தவர்கள். சூப்பர்வைசர் சொல்வது புரிய வேண்டுமே என்று, சாயங்காலம் அரை மணி தமிழ் சொல்லிக்கொடுக்கச் சொன்னான் விக்ரம். புத்தகம் இல்லை, போர்டு இல்லை. முதல் நாள் என்ன செய்வதென்று தெரியாமல் கையில் இருந்ததைத் தூக்கிக் காட்டினாள்.

“இது சாவி.”

பிள்ளைகள் சிரித்தார்கள். “சாபி!” என்றாள் ஒடிசாவிலிருந்து வந்த பினிதா. ஜார்கண்ட்காரிகளும் “சாபி, சாபி” என்றார்கள். அசாமிலிருந்து வந்த ஜூன்மணி “ஸாபி” என்று நாக்கைப் பல்லில் தட்டிச் சொன்னாள். தான் சொன்னதைத்தான் வாய் குழறித் திருப்பிச் சொல்கிறார்கள் என்று நினைத்து, “சாவி. வி, வி” என்று திருத்தினாள் ஐரின். பினிதா கையை ஆட்டினாள். இல்லை டீச்சர், எங்கள் வீட்டில், எங்கள் அம்மா சொல்வது.

ஐரினுக்கு வேடிக்கையாக இருந்தது. பூட்டைத் தூக்கி “பூட்டு” என்றாள். “தாலா” என்று பதில் வந்தது. அரிசியைக் காட்டினாள், பாயைக் காட்டினாள். ஒன்றும் ஒட்டவில்லை. சாவி மட்டும்தான் எல்லார் வாயிலும் ஒரே சாவியாக இருந்தது.

அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் முப்பது வருஷமாகக் கரும்பலகையில் திசைச்சொல் என்று தலைப்புப் போட்டு, சாவி, ஜன்னல், அலமாரி, ஏலம் – போர்த்துக்கீசியம் என்று எழுதி, பக்கத்திலேயே தமிழ்ச் சொல்லையும் எழுதிப்போட்ட கை. பரீட்சைத் தாளில் ‘சாவி’ என்று எழுதின பிள்ளைகளுக்குச் சிவப்பு மையில் சுழித்த கை. “சாவி நம்ம சொல் இல்லம்மா. கப்பல்ல வந்தது. நல்ல தமிழ்ல திறவுகோல்னு சொல்லணும்” என்றாள். ஒரு வாரம் அதையே படித்தார்கள். பினிதாவுக்கு றகரம் அழகாக வந்துவிட்டது. “தி-ற-வு-கோல்” என்று அவள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னபோது, பள்ளியில் இத்தனை வருஷமும் தான் எதிர்பார்த்துக் கிடைக்காத ஒன்று மில் விடுதியில் கிடைத்துவிட்டதாக ஐரினுக்கு நெஞ்சு விம்மியது.

இந்த வருஷம் மே மாதம், புதுப் பாப்பரசரைத் தேர்ந்தெடுக்கக் கர்தினால்கள் கூடுவதற்கு முந்தின ஞாயிறு, கோயிலில் சாமியார் பிரசங்கத்தில் அந்தக் கூட்டத்தின் பெயரை விளக்கினார். “கான்கிளேவ்னா என்ன? லத்தீன்ல கிளாவிஸ்னா சாவி. சாவியோட, அதாவது உள்ள வச்சுப் பூட்டி. பூட்டி வச்சாத்தான பெரியவங்க சீக்கிரம் ஒரு முடிவுக்கு வருவாங்க!” கோயிலே சிரித்தது. ஐரின் சிரிக்காமல் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். திரும்பி வரும் பஸ்ஸில் போனில் தேடிப் பார்த்தாள். கிளாவிஸ் போர்த்துக்கீசியத்தில் தேய்ந்து ‘சாவெ’ ஆகியிருந்தது. அந்தச் சொல்லைக் கப்பல்காரர்கள் கோவாவிலும் கொச்சியிலும் நாகப்பட்டினத்திலும் இறக்கியிருக்கிறார்கள். வங்காளத்தில் ஹூக்ளியிலும் இறக்கியிருக்கிறார்கள். அங்கிருந்து அது ஒடிசாவுக்கும் அசாமுக்கும் போயிருக்க வேண்டும். இரண்டு பக்கமும் உள்நாட்டுக்குள் நடந்து வந்து, ஐந்நூறு வருஷம் கழித்து, நாலுவழிச் சாலை ஓரத்து விடுதியில் தன்னையே சந்தித்திருக்கிறது.

“கப்பலே வராத கப்பலூருக்குக் கப்பல்ல வந்த வார்த்தையா?” என்றாள் ராமக்காள், விஷயத்தைக் கேட்டுவிட்டு. “அப்ப அதுக்கு முன்னாடி நம்மாளுக வீட்டத் தொறந்து போட்டுட்டா போனாங்க?”

நல்ல கேள்விதான். ஐரின் பல நாள் அதையே மென்றுகொண்டிருந்தாள். இங்கே பூட்டு இருந்தது, தாழ் இருந்தது, திறவுகோலும் இருந்தது. வடக்கேயும் அவர்களுக்கென்று ஒரு சொல் இருந்திருக்கும். கையில் சொல் இருக்கும்போது ஊரெல்லாம் ஏன் அந்நியனுடைய சொல்லை வாங்கிக்கொண்டது? படித்ததில் எங்கும் அதற்குப் பதில் இல்லை. அவளுக்குத் தானாகத் தோன்றியது ஒன்றுதான். சரக்கு வைத்த கிட்டங்கி அந்த அந்நியனுடையது, சாவி அவன் இடுப்பில். கேட்கிறவன், யார் கையில் சாவி இருக்கிறதோ அவன் பாஷையில்தானே கேட்க வேண்டியிருக்கும். அப்படிக் கேட்டுக் கேட்டே ஒட்டிக்கொண்டதோ என்னவோ. உண்மையா பொய்யா என்று அவளுக்குத் தெரியாது. நினைப்பு மட்டும் முள் மாதிரி உள்ளேயே இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமைதான் பினிதா அவள் அறை வாசலில் வந்து நின்றாள். ஞாயிறு ஒரு மணி நேரம் பிள்ளைகள் கையில் போன் கொடுப்பார்கள். வீட்டில் பேசி முடித்திருந்தாள்.

“டீச்சர், என் தங்கை வருகிறாள்” என்றாள். ஐரின் சொல்லிக்கொடுத்த புத்தகத் தமிழ்தான் அவளுக்கு வரும்.

“நல்லதுதான. பாக்க வர்றாளா?”

“இல்லை. வேலைக்கு. இங்கே.” பினிதா தன் விலா அளவுக்குக் கையை வைத்துக் காட்டினாள். “குனி சிறிய பெண். பள்ளிக்கூடம் போகிறாள். ஏஜெண்டு அம்மாவிடம் பேசிவிட்டான். நுவாகாய் முடிந்ததும் அழைத்து வருகிறான்.” நுவாகாய் அவர்கள் ஊரில் புது நெல் அறுத்துப் புதிரெடுக்கிற பண்டிகை, இன்னும் பத்து நாள்கூட இல்லை. “நான் போக வேண்டும். போனில் சொன்னால் அம்மா கேட்கவில்லை. நான் நேரில் நின்றால் குனி வர மாட்டாள்.”

ஐரின் விக்ரமிடம் சொல்லிப் பார்த்தாள். “மூணு வருஷம் முடியாம யாரையும் அனுப்ப மாட்டோம் மேடம். ஒண்ணு போனா பின்னாடியே பத்து போகும். தங்கச்சி வந்தா அக்காளுக்குத் தொணைதான?” என்றான். அவள் திரும்பி வந்து, “கேட்டேம்மா, விடலை” என்றாள். பினிதா தலையாட்டினாள். அழவில்லை. அழுதிருந்தால் தட்டிக்கொடுத்துவிட்டு ஐரின் தூங்கப் போயிருப்பாள்.

இன்றைக்கு ஆடிட்காரர்கள் பதினோரு மணிக்கு வந்தார்கள். ஒரு அம்மாள், கூட ஒரு ஆண். திறந்த கேட் வழியாக நடந்து வந்து, கக்கூஸ் பார்த்தார்கள், தீயணைப்பு வாளி பார்த்தார்கள், ராமக்காளின் சாம்பாரை ருசி பார்த்தார்கள். பிறகு பிள்ளைகளைச் சாப்பாட்டுக் கூடத்தில் உட்காரவைத்து, “உங்களுக்கு எதாவது குறை இருக்கா? தைரியமாச் சொல்லுங்க” என்றார் அந்த அம்மாள்.

விக்ரம் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அப்போது பினிதா எழுந்தாள். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோலக் கண்ணை ஒருதரம் மூடித் திறந்தாள்.

“அம்மா, எங்களுக்குத் திறவுகோல் வேண்டும்.”

அந்த அம்மாளின் முகம் பூவாக மலர்ந்தது. “திறவுகோலா! எந்த ஊர்ப் பொண்ணும்மா நீ? ஒடிசாவா? நம்ம வீட்டுப் பிள்ளைங்க இப்படிப் பேசுமா?” கூட வந்தவர் கைதட்டினார். பயந்து உட்கார்ந்திருந்த பிள்ளைகளும் சேர்ந்து தட்டினார்கள். “இன்னொரு தடவை சொல்லும்மா” என்று அவர் போனை எடுத்துப் படம் பிடித்தார். பினிதா இன்னொரு தடவையும் சொன்னாள். இந்தத் தடவை சத்தம் குறைந்திருந்தது.

“பொட்டிச் சாவியத் தொலைச்சிருக்கும் மேடம், வேற ஒண்ணுமில்ல. பாத்து எடுத்துக் குடுத்துருவோம்” என்றான் விக்ரம்.

“நீங்கதான் சொல்லிக்கொடுத்தீங்களா?” அந்த அம்மாள் ஐரின் பக்கம் திரும்பினார். ஜன்னலுக்கு வெளியே கேட் விரியத் திறந்து கிடப்பது தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கிற யாருக்கும் சாவியைப் பற்றிச் சந்தேகம் வராது. பினிதா ஐரினையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அரிசி டிரம்மில் கையை விட்டுப் பாருங்கள் என்று.

“ஆமா” என்றாள் ஐரின். “முப்பது வருஷம் தமிழ் டீச்சர்.”

சொன்ன வாய் மூடுவதற்குள் அதில் இருந்த பெருமை அவள் காதிலேயே விழுந்தது.

வண்டி கிளம்பிப் போனபிறகு விக்ரம் சந்தோஷமாக இருந்தான். “சூப்பர் மேடம். எனக்கே அந்த வார்த்தை மறந்துபோச்சு. சரி, கேட்டப் பூட்டிருங்க” என்று மில்லுக்குப் போனான். ராமக்காள் டிரம்மைத் துழாவிக் கொத்தை எடுத்து, ஊதி, முந்தானையில் துடைத்துக் கொடுத்தாள். கேலி ஒன்றும் பேசவில்லை. சாவிப் பல்லுக்குள் தவிடு ஒட்டியிருந்தது.

ஐரின் கேட்டுக்கு நடந்தாள். மத்தியான வெயில். வாட்ச்மேன் சோணை பூட்டோடு நின்றான். பக்கத்தில், கேட்டுக்கு இந்தப் பக்கமாக, பினிதா நின்றாள். கேட் இன்னும் திறந்துதான் இருந்தது. ஓடியிருக்கலாம், ஓடவில்லை. போன் விடுதி அலமாரியில் பூட்டியிருக்கிறது, ஆதார் அட்டையும் அதே அலமாரியில். அவளுக்கு அது தெரியும்.

“சாபி” என்றாள் பினிதா.

முதல் நாள் சொன்ன அதே சத்தம். டீச்சருக்காகத் திருத்தாத, அவள் அம்மா சொல்கிற சொல். மேனேஜரைக் கேளு, நான் என்ன செய்ய, எனக்குப் புரியலம்மா என்று ஐரினிடம் எத்தனையோ பதில்கள் இருந்தன. ஆனால் இந்தப் பெண் அழகான தமிழில் கேட்டபோது நாலு பேர் முன்னால் காது கேளாதவள்போல நின்றாயிற்று. இப்போது எந்தப் பாஷையிலும் புரியாமல் போவதற்கு வழியில்லை. பெல்லை அழுத்திவிட்டு நிற்கிறவளின் முகம் கதவுக்கு உள்ளேயிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று ஐரினுக்கு இத்தனை வயதில் இப்போதுதான் தெரிந்தது.

“பையை எடுத்துட்டு வா” என்றாள்.

சோணை நிமிர்ந்தான். “டீச்சரம்மா, என்ன சொல்றீங்க? வேலைக்கே உல வச்சிருவாய்ங்க. ஒங்களுக்கு மட்டுமில்ல, எனக்கும் சேத்து.”

“நீ டீ குடிக்கப் போ சோணை.”

“டீயா? இப்பத்தான சோறு தின்னேன்.” அவள் முகத்தைப் பார்த்தான். பூட்டைக் கேட்டிலேயே மாட்டிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். “அது சரி, நான் எங்க இங்க இருக்கேன்? சாப்புட்டதுலருந்து டீக்கடையிலதான் இருக்கேன். கேட்டா கடைக்காரனே சொல்லுவான்.” திரும்பிப் பார்க்காமல் ரோட்டைத் தாண்டிப் போனான்.

ஐரின் அலமாரியைத் திறந்து பினிதாவின் போனையும் அட்டையையும் எடுத்துக் கொடுத்தாள். ராமக்காள் ஒரு தூக்குச்சட்டியில் புளிச்சோறு அமுக்கி நிறைத்து, “தூக்கப் பத்திக் கவலப்படாத, ஒன் தங்கச்சி வச்சுக்கட்டும்” என்றாள். டோல்கேட் பக்கம் நடந்து போய் மூவரும் நின்றார்கள். மதுரை பஸ் வந்தது. ஏறப் போன பினிதா படியில் காலை வைத்தபடி திரும்பி, “டீச்சர், உங்களுக்கு என்ன ஆகும்?” என்றாள்.

“ஸ்டேஷன்ல எறங்கணும்னு கண்டக்டர்ட்டச் சொல்லு. போ.”

பஸ் போனது. புழுதி அடங்கவே வெகுநேரம் பிடித்தது. நல்ல காரியம் செய்த நிறைவு வரும் என்று ஒரு மூலையில் எதிர்பார்த்தாளோ என்னவோ, அப்படி ஒன்றும் வரவில்லை. படுத்தால் போதும் என்றிருந்தது. இன்னும் உள்ளே இத்தனை பிள்ளைகள். குனியைப் போல எத்தனை வீட்டில் எத்தனை பேர்.

திரும்பி வந்தவள் கேட்டைச் சாத்தவில்லை. சாவிக்கொத்தைப் பூட்டில் நுழைத்து அப்படியே தொங்கவிட்டாள். வராந்தா நாற்காலியில் உட்கார்ந்தாள். மேஜைமேல் போன் துடித்தது, விக்ரம். அடித்து ஓய்ந்தது. திரும்பவும் அடித்தது.

ஷிப்டு இல்லாத பிள்ளைகள் ஜன்னலில் நின்று கேட்டைப் பார்த்தார்கள். வெகுநேரம் யாரும் அசையவில்லை. பிறகு ஜூன்மணி இறங்கினாள். வாசலைத் தாண்டும்போது முதுகை வளைத்துக்கொண்டு தாண்டினாள், தலையில் இடித்துவிடும் என்பதுபோல. எதிர்க்கடையில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினாள். ஒன்றை உரித்து அங்கேயே நின்று தின்றாள். தின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். வருகிற வழியில் பூட்டில் தொங்கிய கொத்தைப் பார்த்து, டீச்சர் மறந்துவிட்டாள் என்று நினைத்து, உருவி எடுத்துக்கொண்டு வந்தாள்.

“டீச்சர், ஸாபி.”

“அதுலயே தொங்கட்டும்மா. போய் மாட்டிட்டு வா.”

ஜூன்மணி புரியாமல் நின்றாள். பிறகு புரிந்து, ஓடினாள். அவள் பின்னால் இன்னும் இரண்டு பேர் இறங்கிப் போனார்கள்.

சாயங்காலத்துக்குள் விக்ரம் வந்துவிடுவான். அறையில் அவளுக்கு ஒரு டிரங்குப் பெட்டியும் இரண்டு பையும்தான். ஐரின் போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டாள்.

“என்னம்மா இந்நேரத்துல?” பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

“அண்ணே, நாளைக்கு வீட்டுக்கு வாரேன். இனிமே அங்கதான்.”

“ஏன், என்னாச்சு?”

“வந்து சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு செய்யி. வாசக்கதவுச் சாவி எனக்கு ஒண்ணு போட்டு வை.”

“சாவியா?” டிவி சத்தம் குறைந்தது. “சாவி எதுக்கு? நாங்கதான் வீட்லயே இருக்கோமே.”

“தெரியும்ணே” என்றாள் ஐரின். குரலில் சண்டை இல்லை, களைப்புத்தான் இருந்தது. “இருந்தாலும் எனக்கு ஒரு சாவி வேணும்.”